ஏறாதவர் சொன்ன வழி

அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ராஜகுருவின் டீக்கடைக்கும் நடுவில் 'சுவாதி டிராவல்ஸ்' என்று ஒரு பத்தடிக் கடை இருக்கிறது. ஒரு பாதியில் ஜெயபாண்டி உட்கார்ந்து ரயில், பஸ், விமானம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பார். மறு பாதியில் அவர் மனைவி தங்கலட்சுமி ஜெராக்ஸ் எடுப்பார். பதினான்கு வருஷமாக இதுதான் ஏற்பாடு. கடைக்குப் பெயரைக் கொடுத்த மகள் சுவாதி இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

விமான டிக்கெட் எடுக்க வருகிறவர்களுக்கு ஜெயபாண்டி டிக்கெட்டோடு ஒரு சொற்பொழிவும் கொடுப்பார். "செக்யூரிட்டில பெல்ட்டக் கழத்தி ட்ரேயில போடணும். பைக்குள்ள கொப்பரத் தேங்கா வைக்கக் கூடாது. மேல ஏறும்போது காது அடைக்கும், எச்சிய முழுங்கிக்கிட்டே இருக்கணும். சன்னல் சீட்டுதான் நல்லது, கேட்டு வாங்குங்க" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் போகும். சீட் பெல்ட் மாட்டுவது எப்படி என்று, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து செய்தே காட்டுவார். திருச்சுழி, வீரசோழன், காரியாபட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்து முதல் தடவை பறக்கப் போகிற எத்தனையோ பேர் அந்தச் சேரைச் சுற்றி நின்று பயபக்தியோடு பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் ஜெயபாண்டி ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

ஏறவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏறினேன் என்றும் சொன்னதில்லை. போய்விட்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, போகப் போகிறவர்களிடம் சொல்வார். நடுவில் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ந்துகொள்ளும். இது பொய்யில் சேராது என்பது அவருடைய கணக்கு. வாத்தியார் நிலாவுக்குப் போய்விட்டு வந்தா நிலாவைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்?

இந்தக் கணக்கை உடைத்தவர் வீரசோழன் செய்யது பாய். மெக்காவுக்குப் போய் உம்ரா முடித்துவிட்டுத் திரும்பியவர், பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரி பெல்ட்டு இல்லியே. ஓட்டையில முள்ள மாட்டணும்னு காமிச்சீங்க. அங்க ஓட்டையே இல்ல. நான் தேடுறேன், தேடுறேன், பிளேனு ஓட ஆரம்பிச்சிருச்சு. பிளேனுல வேலை பாக்குற பொண்ணு வந்து ஒரே தட்டு, டக்குனு மாட்டிக்கிச்சு."

"புது மாடலா இருக்கும் பாய்."

"இருக்கும், இருக்கும். ஆமா, நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?"

"அதையெல்லாம் யாரு பாய் எண்ணிக்கிட்டு இருக்கா" என்றார் ஜெயபாண்டி.

ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிஷின் அப்போது ஓடவில்லை. தங்கலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தங்கலட்சுமியே பேச்சை எடுத்தார்.

"ஏங்க, ஒரு தடவ போயிட்டுத்தான் வாங்களேன்."

"எங்க?"

"மேல."

அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டு பேரும் அவசரமாக ரசத்தை ஊற்றிக்கொண்டார்கள்.

மதுரையில் ஏறிச் சென்னையில் இறங்கித் திரும்பி வந்திருந்தால் விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் எதையும் சின்னதாகச் செய்கிற பழக்கம் ஜெயபாண்டிக்குக் கிடையாது. ஆடி பிறக்கப் போகிற நேரம். விசேஷம் இல்லை, லீவு இல்லை, விமானங்கள் பாதி காலியாகப் பறக்கும், டிக்கெட் விலை விழுந்து கிடக்கும். நாலு நாள் கம்ப்யூட்டரில் கிடந்து அவர் ஒரு திட்டம் போட்டார். முப்பது நாள், பதினோரு விமானம். ஐதராபாத், நாக்பூர், புனே, ஜெய்ப்பூர் என்று ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று நாள் தங்கி, அடுத்த மலிவான டிக்கெட் வரும் வரை காத்திருந்து, கடைசியில் பெங்களூர் வழியாக மதுரை. எல்லாவற்றிலும் ஏழு கிலோ கைப்பை மட்டும்.

"ஒரு தடவ போனாப் பத்தாதா?" என்று கேட்டார் தங்கலட்சுமி.

"ஒரு தடவ போனா, போயிருக்கேன்னுதான் சொல்ல முடியும். பழக்கம்னு சொல்ல முடியாதுல்ல?"

"அப்ப கடை?"

"நீ பாத்துக்க மாட்டியா?"

"டிக்கெட்டு போட்டுருவேன். ஒங்க பிரசங்கம் எனக்கு வராது."

தெருவுக்கு என்ன சொல்வது என்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கடைசியில் டிக்கெட் ஏஜென்ட்களுக்கு வடக்கே கம்பெனி ட்ரெயினிங் என்று சொல்லிவைத்தார். ராஜகுரு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏலே, பதினாலு வருசம் தொழில் பாத்தவனுக்கு எதுக்குலே ட்ரெயினிங்கு?"

"மேல்படிப்பு மாதிரிலே."

பக்கத்து மருந்துக்கடை வாசலில் ஆள் எடை பார்க்கிற மிஷின் உண்டு. பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை என்று ஏறி ஏறி இறங்கி, கழித்துப் பார்த்து, ஜெயபாண்டி ஏழு கிலோவைப் பிடித்தார். பிடிக்க முடியாமல் மிஞ்சிய ஒரு சட்டையைப் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மதுரை பஸ்ஸில் ஏறி, மண்டேலா நகரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, இரட்டைச் சட்டையில் வேர்த்து வழிந்துகொண்டு, எத்தனையோ பேரை அனுப்பிவைத்த அந்த ஏர்போர்ட் கட்டிடத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தார். மனதுக்குள் வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அதுகூடத் தெரியாமல் இத்தனை நாள் கையை விரித்து விரித்துக் காட்டியிருக்கிறோமே என்று முதல் வெட்கம் அங்கேயே வந்துவிட்டது.

செக்யூரிட்டியில் அவரே அவருடைய வாடிக்கையாளர் ஆனார். பெல்ட்டைக் கழற்றினார். செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே இருந்த இன்னொரு சட்டையின் பையில் சாவிக்கொத்து இருந்ததை மறந்துவிட்டார். மிஷின் கத்தியது. திரும்ப வந்தார், திரும்பக் கத்தியது. பைக்குள் தங்கலட்சுமி வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார்கள். இட்லிப்பொடி கொண்டுபோகலாம் என்று அவர் எல்லோருக்கும் சொல்லுவார். தங்கலட்சுமி அன்பு மிகுதியில் அதில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து வைத்திருந்தார். அது பொடியா, எண்ணெயா என்று இரண்டு அதிகாரிகள் இந்தியில் ஆலோசனை செய்தார்கள். எண்ணெய் ஜெயித்தது, டப்பா அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றிருந்த ஒரு பெண் தன் குழந்தையிடம், "அங்கிள் இப்பதான் ஃபர்ஸ்ட் டைம் வர்றாங்க போல" என்றாள். பதினான்கு வருஷமாக யாராலும் கண்டுபிடிக்க முடியாததை அவள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

சீட்டு நடுவில் கிடைத்தது. சன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லுவாரே தவிர, கேட்டால் காசு என்பதை வாடிக்கையாளர்கள் வந்து சொன்னபோதெல்லாம் அவர் காதில் வாங்கியதில்லை. இந்தப் பக்கம் பருத்த உடம்புக்காரர் ஒருவர், அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞன். பெல்ட்டைக் கையில் எடுத்த ஜெயபாண்டி, செய்யது பாய் சொன்னது மட்டும் நினைவில் இருந்ததால், ஒரே தட்டில் மாட்டினார். வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த ஞானத்தில் அன்றைக்கு வேலைக்கு ஆனது, ஏறி வந்தவர் சொன்ன அந்த ஒரு தட்டுதான்.

விமானம் ஓட ஆரம்பித்தது. ஓட்டம் கூடக்கூட அவருடைய வலது கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த பருத்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வாய் தன் ஊர்ச் சாமியைக் கூப்பிட்டது. ஜெயபாண்டிக்குப் பூர்வீகம் திருச்சுழிப் பக்கம். "பூமிநாதா, பூமிநாதா" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் தரையை விட்டது. பூமிநாதரை விட்டுத் தூரப் போகிற நேரம் பார்த்து அவரைக் கூப்பிடுகிறோமே என்று தோன்றியபோது, அந்தப் பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பருத்த மனிதர் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, "பரவாயில்ல சார், நானும் மொதல்ல இப்படித்தான்" என்றார்.

எச்சிலை முழுங்க வேண்டும் என்பது ஐதராபாத்தில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் இரண்டு காதும் அடைத்து, தங்கலட்சுமி போனில் என்ன சொன்னார் என்பது மறுநாள் வரை தெரியவில்லை.

அந்த மாதத்தை ஊர் சுற்றிய மாதம் என்று சொல்ல முடியாது. அவர் பறக்கத்தான் போனார். ஊர்கள் நடுவில் வந்தன, அவ்வளவுதான். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் எது மலிவான லாட்ஜோ அதில் தங்குவார். வெளியே மழை பெய்யும். மலிவான சாப்பாட்டுக்கடையைத் தேடிப்போய், விரலை நீட்டிக் காட்டி எதையாவது வாங்கிச் சாப்பிடுவார். ஜெய்ப்பூரில் கோட்டை பார்க்கிறேன் என்று கிளம்பி, தப்பான பஸ்ஸில் ஏறி, ஒரு சிமெண்டு பைப் கம்பெனி வாசலில் இறங்கி, அங்கேயே வாழைப்பழம் தின்றுவிட்டுத் திரும்பினார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் தங்கலட்சுமியிடமிருந்து போன் வரும்.

"இன்னைக்கு எங்க இருக்கீக?"

"நாக்பூரு."

"என்ன பாத்தீக?"

"ஏர்போர்ட்டு."

"நேத்து என்ன பாத்தீக?"

"அதே ஏர்போர்ட்டுதான். ஆனா வெளியில இருந்து."

தங்கலட்சுமி அந்தப் பக்கம் சிரிப்பது கேட்கும். கடையில் கூட்டம் எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் ஓடுது" என்பார். அந்த பதில் ஜெயபாண்டிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தான் இல்லாமல் கொஞ்சம் தடுமாற வேண்டாமா?

ஆனால் மனுஷனுக்குத் திமிர் எங்கிருந்துதான் வருமோ, ஐந்தாவது விமானத்துக்குள் அவருக்குப் பழையபடி வந்துவிட்டது. பை எப்படி வைப்பது, எந்த வரிசை வேகமாக நகரும், தண்ணீர் பாட்டிலை எங்கே நிரப்புவது எல்லாம் பழகிப்போனது. கொல்கத்தாவில் பெல்ட் மாட்டத் தெரியாமல் முழித்த ஒரு பெரியவருக்கு அவரே எட்டி ஒரு தட்டுத் தட்டி மாட்டிவிட்டார். பெரியவர் கும்பிட்டார். ஜெயபாண்டி பெரிய மனதோடு தலையை ஆட்டிக்கொண்டார். அந்த விமானம் மழை மேகத்துக்குள் போய்க் குதிகுதியென்று குதித்தபோது பெரியவர் நிம்மதியாகத் தூங்கினார். வாந்தி எடுக்கக் காகிதப் பையைத் தேடியவர் ஜெயபாண்டிதான். ஆனாலும் இறங்கும்போது, பழக்கம் வந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் இறங்கினார்.

ஏழாவது விமானத்தில் அவர் புவனேஸ்வரிலிருந்து மறுபடி ஐதராபாத் வந்து இறங்கினார். காலை பதினோரு மணி. அடுத்த விமானம் அங்கிருந்தே அன்றைக்கு ராத்திரி. வழியில் போகிற கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தபோது, "தம்பி! ஜெயபாண்டி தம்பி!" என்று ஒரு குரல் கேட்டது.

பாலவனத்தம் முத்துமாரியம்மாள். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு கட்டைப்பை. மகள் ஜோதிகா புனேயில் இருக்கிறாள், அங்கேயே கட்டிக்கொண்டவள், மாப்பிள்ளை மராட்டிக்காரர். மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால், ஐதராபாத்தில் மாறிப் புனே போகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக ஜெயபாண்டிதான் போன மாதம் போட்டுக்கொடுத்திருந்தார். கால் மணி நேரச் சொற்பொழிவும் கொடுத்திருந்தார்.

"ஆத்தாடி, நீங்க இங்கிட்டு எப்படி? ஒத்தையில எப்படி மாறப் போறோம்னு நெனைச்சுக்கிட்டே வந்தேன். சாமியே அனுப்பின மாதிரி வந்து நிக்கிறீக."

"கம்பெனி வேலையா வந்தேன்மா. இங்கிட்டெல்லாம் நமக்கு வீடு மாதிரி. வாங்க என் பின்னாடி" என்றார் ஜெயபாண்டி. சொன்ன குரலைக் கேட்டு அவருக்கே பெருமையாக இருந்தது.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆப்பரேசன் வச்சுருக்காக தம்பி. அதுக்குள்ள எம் மக மூஞ்சியப் பாத்துப்புடணும். ஒண்ணரைக்குப் போயிரும்ல?"

"தாராளமா."

விமானத்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் பாதி இடது பக்கம் திரும்பி மாடிப்படி ஏறியது. மீதி நேராகப் போனது. ஜெயபாண்டி நேராகப் போனார். முத்துமாரியம்மாள் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, எங்கூட வந்ததுல எம் மருமகன் மாதிரி பேசுற ஆளுக எல்லாம் அங்கிட்டுத் திரும்புறாகளே?"

"அவுகளுக்குப் பெட்டி இருக்காதும்மா. நீங்க பெட்டி போட்டுருக்கீகள்ல? அத எடுத்துத் திருப்பிப் போட்டாத்தான் அங்கிட்டுப் போவும்."

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படித்தான். வீரசோழன்காரர்கள் சென்னையில் இறங்கிப் பெட்டியை எடுத்து, திரும்பப் போட்டுத்தான் மதுரை வருவார்கள். அவர்கள் சொல்லி ஜெயபாண்டிக்கு அது மனப்பாடம். உள்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு, ஏறின ஊரில் போட்ட பெட்டி கடைசி ஊரில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட டிக்கெட் அவர் போட்டதே குறைவு. எடுத்தவர்களும் அவர் பேச்சைக் கேட்காமல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மாதம் முழுக்க அவர் கைப்பையோடு அலைந்ததால், கற்றுக்கொள்ள வாய்ப்பும் வரவில்லை.

பெட்டிகள் வரும் ரப்பர்ப் பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பெட்டிகள் வந்தன, போயின. முத்துமாரியம்மாளின் பச்சைப் பை வரவில்லை. அதற்குள் பிரசவ லேகியமும் பிள்ளைக்குப் பழைய வேட்டியில் தைத்த துணிகளும் இருந்தன. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். "லேட்டாத்தாம்மா வரும்" என்றார் ஜெயபாண்டி. பட்டையில் ஒரே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அதுவும் நான்காவது சுற்றில் நின்றது. அரை மணி நேரம் கழித்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இவர்களைப் பார்த்துவிட்டு ஒரு சிப்பந்தியைக் கூட்டிவந்தார். அவன் முத்துமாரியம்மாளின் டிக்கெட்டில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைப் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: பை புனேக்கு நேராகப் போகும். நீங்கள் மாடிப்படியில் ஏறியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெயபாண்டி நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. வெளியே ஓடினார்கள். மாடிக்கு ஓடினார்கள். வாசலில் நீள வரிசை. ராத்திரி விமானத்து டிக்கெட்டைக் காட்டி ஜெயபாண்டியும் உள்ளே நுழைந்தார். செக்யூரிட்டியில் அதைவிட நீளம். முத்துமாரியம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது ஜெயபாண்டியைவிட வேகமாக இருந்தது. கதவு மூடி எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. கண்ணாடி வழியாக விமானம் தெரிந்தது. ஆள் ஏறாததால் பச்சைப் பையையும் கீழே இறக்கி ஒரு வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த விமானம் மாலை ஆறு நாற்பதுக்கு. ஜெயபாண்டி கவுண்டருக்குப் போய் அதில் ஒரு இடம் வாங்கினார். காசை முத்துமாரியம்மாள் எடுத்து நீட்டியபோது, "என் தப்பும்மா, வேணாம்" என்றார். அந்த அம்மாள் பணத்தைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார். உட்காரும் இடத்துக்கு வந்ததும் நேராகக் கேட்டார்:

"தம்பி, நெசத்தச் சொல்லுங்க. நீங்க எத்தன தடவ பிளேன்ல போயிருக்கீக?"

யாரு எண்ணுனா என்ற பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"இன்னையோட ஏழு. எல்லாம் இந்த மாசந்தான். அதுக்கு முன்னாடி ஏறுனதே இல்லம்மா."

"கம்பெனி வேலை?"

"அதும் பொய்யி."

"அப்ப கடையில வச்சு அம்புட்டு நேரம் சொன்னீகளே?"

"கேட்டதத்தான் சொன்னேன்."

முத்துமாரியம்மாள் திட்டுவார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் எழுந்துபோய், நான்கு சீட்டு தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் அந்த முதுகுதான் தெரிந்தது. ஜெயபாண்டி டீ வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். டீ ஆறிப்போனது. தயிர்ச்சாதம் வாங்கிவைத்தார். அதைத் தின்றார், ஆனால் திரும்பவில்லை. ஒரு மணிக்குத் தங்கலட்சுமி போன் செய்தார்.

"என்ன பாத்தீக இன்னைக்கு?"

ஜெயபாண்டி ஒன்று விடாமல் சொன்னார். தங்கலட்சுமி சிரிக்கவில்லை. "அந்த அம்மாவ ஏத்திவிட்டுட்டு மத்ததப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாலரை மணிக்கு முத்துமாரியம்மாளின் போன் அடித்தது. படம் தெரிகிற அழைப்பு. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, காதில் வைத்து, மறுபடி நிமிர்த்திப் பிடித்தார். மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது, பிறகு ஒரு வெள்ளைத் துணி, துணிக்குள் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சின்ன முகம், வாயைப் பிளந்து கத்திக்கொண்டு. பெண் குழந்தை. முத்துமாரியம்மாள் "ஏ தாயி, ஏ தாயி" என்று போனைப் பார்த்து அழுதார். மாப்பிள்ளை மராட்டியில் ஏதோ சொன்னார், இவர் தமிழில் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்தமாதிரிதான் இருந்தது. போன் வைத்த பிறகு அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த முகம் அந்தக் கட்டிடத்தில் ஒன்றுதான் இருந்தது. எழுந்துவந்து, மாப்பிள்ளை அனுப்பிய படத்தை ஜெயபாண்டியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க."

"ஒங்கள மாதிரியே இருக்கும்மா."

"சும்மா இருங்க. இதையும் தெரியாமலே சொல்லாதீக." மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டு ஆளுகளுக்கு முன்னாடி எம் பேத்தி மூஞ்சியப் பாத்த வேத்தாளு நீங்கதான். அதுக்காக ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனைக்க வேணாம்" என்றார்.

"நெனைக்கலம்மா."

அதன் பிறகு ஜெயபாண்டி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தார். எந்தக் கதவு என்று மூன்று பேரிடம் கேட்டார். பை ஏறிவிட்டதா என்று இரண்டு பேரிடம் கேட்டார். நாலாவது ஆளிடம் மறுபடி கதவைப் பற்றிக் கேட்டபோது முத்துமாரியம்மாளே, "போதும் தம்பி, எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று சலித்துக்கொண்டார். கதவு திறந்ததும் அந்த அம்மாள் முதல் ஆளாகப் போய் நின்றார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மிச்சம் நாலு விமானம் இருந்தது. பேசாமல் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஜெயபாண்டிக்குத் தோன்றியது. ஆனால் டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் ஒன்றும் திரும்ப வராது என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவர் எத்தனையோ பேரிடம் இரக்கமில்லாமல் சொல்லியிருக்கிறார். பறந்தே தீர்த்தார். யாருக்கும் பெல்ட் மாட்டிவிடவில்லை. கடைசியாகப் பெங்களூரில் ஏறியபோது, தாயும் மகளும் சேர்ந்து உட்காரட்டும் என்று அவரை இடம் மாற்றச் சொன்னார்கள். மாறிய இடம் சன்னலோரம். மதுரைக்குக் கிட்டே வந்து விமானம் தாழ்ந்தபோது, கீழே செம்மண்ணும், தண்ணீர் இல்லாத கண்மாய்களும், திட்டுத்திட்டாகக் கருவேலங்காடும் தெரிந்தன. மனம் பொங்கி, பக்கத்திலிருந்தவரிடம், "அந்தா தெரியுது பாருங்க, அதான் எங்க அருப்புக்கோட்டை" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அவர் எட்டிப் பார்த்தார். "இல்ல சார், அது நத்தம் பக்கம். எங்க ஊரு" என்றார்.

ஜெயபாண்டி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முத்துமாரியம்மாள் பேத்தியைப் பார்த்துக்கொண்டு புனேயில் மூன்று மாதம் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அதனால் ஊருக்கு விஷயம் வர மூன்று மாதம் ஆகும் என்று ஜெயபாண்டி போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அந்த அம்மாளின் தம்பி மாரிக்கண்ணன் தினமும் பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர். அக்காள் போனில் சொன்னதை அவர் பஸ்ஸில் சொல்லியிருந்தார். பஸ் போகிற இடமெல்லாம் விஷயமும் போயிருந்தது. ஜெயபாண்டி பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததும் ராஜகுரு டீப்பட்டறையிலிருந்தே கூப்பிட்டார்.

"ஏலே, மேல்படிப்பு முடிஞ்சிருச்சா? பாஸா, பெயிலா?"

"பெயிலுதாம்லே."

ராஜகுரு ஒரு டீயை ஆற்றி நீட்டிவிட்டார்.

கடைக்குள் தங்கலட்சுமி இரண்டு பாதிக்கும் நடுவில் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் முப்பத்தாறு விமான டிக்கெட் போட்டிருக்கிறார். ஒரு புகார் இல்லை. எப்படி என்று ஜெயபாண்டி கேட்டார்.

"அவுக ஏதாச்சும் கேட்டா, எனக்குத் தெரியாது, அங்க நிக்கிற ஆளுகள்ட்ட கேட்டுக்கங்கன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாக."

அவ்வளவுதானா என்று ஜெயபாண்டிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினான்கு வருஷச் சொற்பொழிவை மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு வாரம் வரை, கடைக்கு வந்தவர்கள் டிக்கெட் எடுக்கிறார்களோ இல்லையோ, "அந்த அம்மா செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டா ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அதிலும் கொஞ்சம் சொந்தச் சரக்கு சேரத் தொடங்கியபோது, ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து தங்கலட்சுமி தொண்டையைக் கனைத்தார். அதோடு நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் தங்கலட்சுமியின் போனுக்குப் புனேயிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"ஏம்மா தங்கலட்சுமி, ஊருக்குத் திரும்பணும். டிக்கெட்டு போட்டு, எங்க மாறணும்னு எழுதி அனுப்பு."

"அனுப்பிருவோம்மா. அவுகளே இங்க இருக்காக, பேசுறீகளா?"

"வேணாம், வேணாம். நல்லாருக்காரா?"

"நல்லாருக்காக."

"நல்லாருக்கட்டும். ஒண்ணு மட்டும் பாத்துக்கத்தா. நான் வார அன்னைக்கு ஒம் புருசன் அந்தப் பக்கம் எங்கிட்டும் போயிராம வீட்டுல பிடிச்சு வச்சுக்க."

தங்கலட்சுமி போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். ஜெயபாண்டி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, மாறுகிற இடத்தில் ஐந்து மணி நேரம் இடைவெளி உள்ள விமானமாகத் தேட ஆரம்பித்தார்.